ரங்கநாதன் தெருவில் மழை

மயிலாப்பூர்
14 ஜூலை 2024

அன்புள்ள வர்ஷினி,

சௌக்கியமா இருக்கியா? ஹைடெல்பெர்க்ல இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு அப்பா சொன்னார். இங்க வெயில் போய்ப் புழுக்கம் வந்திருக்கு. உன் அண்ணாவுக்கு ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்கறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் நாகேஸ்வரராவ் பார்க் நடையை விடமாட்டேங்கறார். நான் நன்னா இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை ஃபோன்ல உங்கிட்ட நாலு வார்த்தை பேச முடியறதில்லை. அப்பா ஸ்பீக்கர்ல போட்டுண்டு உக்காந்தார்னா, நான் கையைத் துடைச்சிண்டு வரத்துக்குள்ள நீ 'சரி வெச்சுடறேன்'னு சொல்லிடற. அதான் மெயில்ல நிதானமா எழுதறேன்.

முதல்ல உன் ரூம் விஷயம். ஜன்னல் ஓரமா என் மேஜையைப் போட்டுண்டிருக்கேன். ஹால்ல டிவி சத்தத்துல தீசிஸ் ஓடமாட்டேங்கறது. உன் புத்தக ஷெல்ஃபை மட்டும் கொஞ்சம் சுவரோரமா நகர்த்தியிருக்கு, உள்ள எதையும் தொடலை. உன்னை முன்னாடியே கேட்டிருக்கணும். அப்பாதான், 'அவ என்ன சொல்லப் போறா, நீ போட்டுக்கோ'ன்னுட்டார்.

இப்போ நல்ல சேதி. நீ போன மாசம் சொல்லிக் குடுத்த மாதிரியே மைக்ராஸ்கோப்ல லேசரைக் குறைச்சு, மெதுவா ஸ்கேன் பண்ணினேன். அடையாறு முகத்துவாரத்து அலையாத்திக் காட்டுல பறிச்ச வெண்கண்டல் இலை, அடிப்பக்கம். சாயம் எதுவும் போடலை. இலையோட ரோமமெல்லாம் தானா நீலமா ஒளிர்றது, அதுக்குக் கீழ இருக்கற பச்சையம் ரத்தச் சிவப்பா. மேலேர்ந்து பார்த்தா ஒவ்வொரு ரோமமும் விரிச்ச குடை மாதிரி இருக்கு. ரெண்டு குடை விலகின இடத்துல உப்புச் சுரப்பி தெரியறது. கடல் தண்ணியைக் குடிக்கற இந்தச் செடி, வேண்டாத உப்பை அந்த வழியாத்தான் வெளியில தள்றது. அதைத்தானே மூணு வருஷமா படிச்சிண்டிருக்கேன். இவ்வளவு தெளிவா ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்னிக்கு அப்பா முழங்காலைக் காட்ட அடையாறுக்கு வந்தவர், அப்படியே எங்க லேபுக்கும் வந்துட்டார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுண்டு ஸ்க்ரீன்கிட்ட குனிஞ்சு பார்த்தார். அப்புறம், 'மாம்பலம் ஸ்டேஷன் பாலத்து மேலேர்ந்து ரங்கநாதன் தெருவைப் பார்க்கற மாதிரி இருக்கேம்மா, மழையில. எல்லாரும் குடை பிடிச்சிண்டு போறா, கடை வெளிச்சமெல்லாம் தண்ணில சிவப்பா விழறது'ன்னார். அதையே படத்துக்குப் பேரா வெச்சுட்டேன். படத்தை இத்தோட அனுப்பியிருக்கேன்.

டிசம்பர்ல சென்னையில மைக்ராஸ்கோபி மாநாடு நடக்கப் போறது. அதுல படப் போட்டி உண்டு. முதல் பரிசு வாங்கினா ஜெர்மனில ஒரு மாசம் பயிற்சி. உன் ஊருக்குப் பக்கம்தானாம். போட்டிக்கு அனுப்பட்டுமா? நீ சொன்னா அனுப்பறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. தயிர் கிடைக்கறதா?

பிரியமுள்ள மன்னி,
காமாக்ஷி

—

ஹைடெல்பெர்க்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மன்னி,

நான் நன்னா இருக்கேன். தயிர் இங்கே கடைக்குக் கடை கிடைக்கறது, அம்மா காலத்துலேர்ந்து எல்லாரும் அதையேதான் கேட்டிண்டிருக்கீங்க. பதில் போட நாளாயிடுத்து, மீன் தொட்டி ஒண்ணுல நோய் வந்து மூணு வாரம் அதோடயே போராட்டம். மீனோட இதயத்தை ஆராய்ச்சி பண்ணித்தான் என் பொழைப்பே நடக்கறது.

மேஜை போட்டது பரவாயில்லை. ஷெல்ஃப்ல கீழ்த்தட்டுல என் பழைய ஸ்லைடு பெட்டி இருக்கு. அது மேல வெயில் படக்கூடாது. சுவரோரம் சாயங்கால வெயில் வருமே.

படம் அனுப்பியிருந்தீங்க, பார்த்தேன். நன்னா வந்திருக்கு. போட்டிக்கு அனுப்பறது உங்க இஷ்டம். இந்தப் போட்டியெல்லாம் பொதுவா முதல் வருஷப் பசங்களோட உற்சாகத்துக்காக வெக்கறது. தீசிஸ் முடிக்கற நேரத்துல அது மேல கவனம் போகவேண்டாம்னு எனக்குத் தோணறது. அப்புறம் உங்க இஷ்டம்.

அப்பா லேபுக்குள்ளேயே வந்தாரா? நான் அதே அடையாறுல அஞ்சு வருஷம் இருந்தேன். ஸ்கூட்டர்ல கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு, 'உள்ள நமக்கு என்னம்மா புரியப் போறது'ன்னு திரும்பிடுவார். முழங்கால் வலிக்கு அடையாறு வரைக்கும் எதுக்குப் போகணும், மயிலாப்பூர்லயே நல்ல டாக்டர் இருக்காளே.

அண்ணாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

அன்புடன்,
வர்ஷினி

—

திருவல்லிக்கேணி
20 ஆகஸ்ட் 2024

டியர் வர்ஷி,

இன்னாடி, நல்லாக்கிறியா? ஊரை விட்டுப் போன நாள்லேர்ந்து ஒரு ஃபோன் இல்ல. அம்மா இப்பவும் ரமலான் வந்தா 'அந்த ஐயராத்துப் பொண்ணு எங்கே, கஞ்சி கேப்பாளே'ன்னு கேக்குது. நாம ஒரே லேபுல குப்பை கொட்டினது எல்லாம் மறந்துபோச்சா?

ஒரு உதவி. நான் இப்போ தரமணில வேலை பாக்குறேன், டிசம்பர்ல நடக்கப் போற மைக்ராஸ்கோபி மாநாட்டுல படப் போட்டி முழுக்க என் தலையில கட்டிட்டாங்க. மூணு நடுவர் வேணும். ரெண்டு பேரு கிடைச்சாச்சு. மூணாவது ஆளு வெளிநாட்டுல இருக்கணும், கண்ணு இருக்கணும். உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?

வேலை சிம்பிள். படம், தலைப்பு, ரெண்டு வரி விளக்கம், அவ்ளோதான் வரும். பேரு வராது, நம்பர் மட்டும். பத்துக்கு மார்க் போட்டு, ஒரு வரி கருத்து எழுதணும். கருத்தைப் பேரு இல்லாம போட்டியாளருக்கு அனுப்புவோம். ஒரே ஒரு கண்டிஷன்: ஏதாவது படம் யாரோடதுன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அதுக்கு மார்க் போடாதே. எங்கிட்ட சொல்லிடு, மத்த ரெண்டு பேரோட சராசரியை எடுத்துக்குவேன். உங்க ஆளு யாராவது போட்டியில கீறாங்களா?

உடம்பைப் பாத்துக்க. நடு ராத்திரி வரைக்கும் லேபுல உக்காராதே.

ஷகீலா

—

ஹைடெல்பெர்க்
21 ஆகஸ்ட் 2024

டியர் ஷகீ,

நான் சௌக்கியம். அம்மாவுக்கு என் வணக்கம், கஞ்சிக்கு இப்பவும் ஏங்கறேன்னு சொல்லு.

நடுவரா இருக்கச் சம்மதம். என் லேப் ஆட்கள் யாரும் போட்டியில இல்லை. நான் சென்னையை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, அங்கே யார் என்ன படம் எடுக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?

வர்ஷினி

—

மயிலாப்பூர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள வர்ஷினி,

நீ சௌக்கியமா இருக்கணும்னு வேண்டிக்கறேன். இங்க எல்லாரும் நலம். அப்பா முழங்கால் கொஞ்சம் தேவலை. உன் ஸ்லைடு பெட்டியை என் அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன், ஒரு பொட்டு வெயில் படாது.

படத்தை அனுப்பிட்டேன். நீ வேண்டாம்னு நேரா சொல்லலைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிண்டேன். எனக்கு இது எதுக்குன்னு உனக்குப் புரியுமோ என்னவோ. தி.நகர்ல பத்து வருஷம் ஸ்கூல் டீச்சரா இருந்துட்டு லேபுக்கு வந்தவ நான். எங்க லேபுல இருபத்தஞ்சு வயசுப் பசங்க எல்லாரும் என்னை 'மேடம்'னுதான் கூப்பிடறா. மரியாதைதான். ஆனா மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டு, அதையே அடுத்த பையன் சொல்றப்போ நோட் பண்ணிப்பா. எங்க கைடு கூட, 'மேடம், உங்களுக்கு டிகிரி வந்தா போதும் இல்லையா?'ன்னார். ஒரு தடவை, யார்னு பேரே தெரியாம, என் வேலையை மட்டும் பார்த்து நாலு பேர் சொல்லணும். அதுதான் ஆசை.

அப்பா பண்ற கூத்தைக் கேளு. படத்தைப் பெரிசாப் பிரிண்ட் போடணும்னு பாண்டி பஜார்ல நாலு கடை ஏறி இறங்கினார். நீலம் சரியா வரலைன்னு மூணு தடவை திருப்பிக் குடுத்தார். கடைக்காரர், 'சார், இது இன்னா துணி டிசைனா?'ன்னு கேட்டாராம். அதை ஹால்ல மாட்டியிருக்கு, உன் கான்வகேஷன் போட்டோ இருந்த இடத்துல. உன் போட்டோவை டைனிங் டேபிள் பக்கம் மாட்டியிருக்கு, அங்கதான் எல்லாரும் ஜாஸ்தி உக்கார்றோம். பார்க்ல அவரோட நடக்கற மாமாக்களுக்கெல்லாம் இப்போ உப்புச் சுரப்பின்னா என்னன்னு தெரியும்.

கொலுப் பொம்மைகளை இறக்கித் துடைக்க ஆரம்பிச்சாச்சு. நீ இல்லாததுதான் குறை.

பதில் போடு. போன ரெண்டு ஞாயிறும் நீ ஃபோனை எடுக்கலைன்னு அப்பா வருத்தப்பட்டார்.

பிரியமுள்ள மன்னி,
காமாக்ஷி

—

ஹைடெல்பெர்க்
12 அக்டோபர் 2024

டியர் ஷகீ,

நலம்தானே? மார்க் பட்டியல் இத்தோட வெச்சிருக்கேன். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன்.

பொதுவா தரம் நன்னா இருக்கு. 9ஆம் எண், எறும்போட கண், எனக்குப் பிடிச்சது. எட்டு போட்டிருக்கேன். 31ஆம் எண், 'ரங்கநாதன் தெருவில் மழை', அதுக்கு ரெண்டு. கருத்து: 'கண்ணுக்கு அழகு, அதற்குமேல் கேள்வி எதுவும் இல்லை. தலைப்பு படத்தின் பலவீனத்தை மறைக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் சார்ட்டைப் போல இருக்கிறது.'

மீதியெல்லாம் பட்டியல்ல இருக்கு. ஏதாவது படம் யாரோடதுன்னு அடையாளம் தெரிஞ்சதான்னு படிவத்தோட கடைசிக் கட்டத்துல கேட்டிருந்தே. 'இல்லை'ன்னு போட்டிருக்கேன்.

வர்ஷினி

—

மயிலாப்பூர்
10 நவம்பர் 2024

அன்புள்ள வர்ஷினி,

சௌக்கியமா? தீபாவளிக்கு நீ அனுப்பின வாழ்த்து வந்தது. லேகியம் உன் பங்குக்கு உன் அண்ணா சாப்பிட்டார். இங்க எல்லாரும் நலம், எனக்கு மட்டும் மனசு சரியில்லை. உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

என் படம் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கு. மாநாட்டு ஹால்ல மாட்டப் போறா. சந்தோஷம்தான். கூடவே நடுவர்களோட கருத்தும் வந்தது. ஒருத்தர், 'சாயம் இல்லாமல் இந்த ஆழத்தைக் கொண்டுவந்தது பெரிய திறமை'ன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் சுரப்பி திறந்திருக்கற கணத்தைப் பத்தி ஒரு கேள்வியே கேட்டிருக்கார், அதை வெச்சு என் தீசிஸ்ல ஒரு பகுதி எழுதலாம் போல இருக்கு. மூணாவது கருத்தை அப்படியே கீழே போடறேன்.

'கண்ணுக்கு அழகு, அதற்குமேல் கேள்வி எதுவும் இல்லை. தலைப்பு படத்தின் பலவீனத்தை மறைக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் சார்ட்டைப் போல இருக்கிறது.'

பேரு போடாமத்தானே அனுப்பினேன், வர்ஷினி. நான் டீச்சரா இருந்தவன்னு அந்தப் படத்துலயே எழுதியிருக்கா? அது என் உடம்புல எங்கேயோ ஒட்டிண்டிருக்கு போல, எத்தனை தேய்ச்சாலும் போகாது. அந்த மெயில் வந்ததுலேர்ந்து மைக்ராஸ்கோப் ரூமுக்கே போகலை. பசங்ககிட்ட தலைவலின்னு சொல்லிண்டிருக்கேன்.

அப்பாகிட்ட முதல் ரெண்டு கருத்தை மட்டும் படிச்சுக் காட்டினேன்.

நீ எத்தனையோ படம் பார்த்தவ. எனக்காகப் பரிஞ்சு பேசாம சொல்லு. அவர் சொல்றது சரியா? எங்க தப்பு பண்ணினேன்?

பிரியமுள்ள மன்னி,
காமாக்ஷி

—

ஹைடெல்பெர்க்
3 டிசம்பர் 2024

அன்புள்ள மன்னி,

அங்கே புயல் மழைன்னு நியூஸ்ல பார்த்தேன். ஆத்துக்குள்ள தண்ணி வரலைன்னு அண்ணா மெசேஜ் பண்ணினான். எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க. இங்கே குளிர் ஆரம்பிச்சாச்சு, எனக்கு ரெண்டு வாரமா இருமல்.

உங்க மெயிலுக்குப் பதில் எழுதி எழுதி அழிச்சேன். வேலை ஜாஸ்தி.

நடுவர்கள் அப்படித்தான். அவசரத்துல பார்ப்பா, ஒரு வரி எழுதித் தள்ளிடுவா. அவா அன்னிக்கு என்ன மனநிலையில இருந்தாளோ யார் கண்டா. ஒருத்தர் சொன்னதை வெச்சு மைக்ராஸ்கோப் ரூமுக்குப் போகாம இருக்கறது சரியில்லை. படத்துல தப்புன்னு எதையும் குறிப்பா சொல்ல எனக்குத் தெரியலை. போட்டியை மறந்துட்டு தீசிஸைப் பாருங்க.

இருமலுக்கு மருந்து எடுத்துண்டிருக்கேன், அப்பாகிட்ட சொல்லவேண்டாம்.

வர்ஷினி

—

மயிலாப்பூர்
23 டிசம்பர் 2024

அன்புள்ள வர்ஷினி,

இருமல் போயிடுத்தா? நாங்க நலம். மார்கழிக் குளிருக்கு அப்பா மஃப்ளர் கட்டிண்டு அலையறார்.

மாநாடு முடிஞ்சது. என்ன நடந்ததுன்னு உனக்கு எழுதணும். நடந்தபடியே எழுதறேன்.

கடைசி நாள் பரிசளிப்பு. அப்பா அன்னிக்கு சபாவுல கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தார். மத்தியானமே எடுத்து வெச்ச அங்கவஸ்திரத்தை மடிச்சு உள்ள வெச்சுட்டு, 'கச்சேரி அடுத்த வாரமும் இருக்கும், உன் படம் இருக்காது'ன்னு எங்கூட வந்துட்டார். ஹால்ல என் படத்துக்குக் கீழ நின்னுண்டு போறவா வரவாளுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். நான் தள்ளி நின்னுண்டேன்.

மேடையில முதல்ல நடுவர்களுக்கு நன்றி சொன்னா. ஸ்க்ரீன்ல மூணு பேர், மூணு போட்டோ. மூணாவது நீ.

அப்பா எழுந்து நின்னு கைதட்டினார். முன் வரிசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. 'எம் பொண்ணு. சொல்லவே இல்லை பாரேன், எவ்வளவு பெரிய விஷயம்'னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார். ஃபோனை எங்கிட்ட நீட்டி, 'ஸ்க்ரீன் மாறறதுக்குள்ள போட்டோ எடும்மா'ன்னார். எடுத்தேன். ஃபோனை அவர்கிட்ட திருப்பிக் குடுத்தேன்.

முதல் பரிசு சஃப்வான்னு ஒரு பையனுக்கு, எறும்போட கண். நன்னாத்தான் இருந்தது. எனக்கு ஒண்ணும் இல்லை.

டீ குடிக்கறப்போ போட்டியை நடத்தின ஷகீலாங்கறவ எங்கிட்ட வந்தா. ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லணும்னு வந்திருக்கா பாவம். 'மேடம், சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். உங்க படத்துக்கு ரெண்டு ஜட்ஜ் ஒன்பதரை, பத்துன்னு போட்டாங்க. ஒருத்தர் மட்டும் ரெண்டு போட்டு கவுத்துட்டாங்க. இல்லன்னா நீங்கதான் ஃபர்ஸ்ட்'னா.

அப்பா நடுவுல புகுந்து, 'எம் பொண்ணும் ஜட்ஜ்தாம்மா'ன்னார்.

'யாரு சார்?'

'வர்ஷினி. இவ என் மாட்டுப்பொண்ணு. ரெண்டு பேரும் ஒரே ஆம்தான்.'

அந்தப் பொண்ணு டீ கப்பை வாய்கிட்ட கொண்டுபோனவ அப்படியே நின்னுட்டா. என்னைப் பார்த்தா. கப்பை மேஜை மேல வெச்சுட்டு, 'அப்புறம் பேசறேன் மேடம்'னு போயிட்டா. அவ முகத்தைப் பார்த்தப்புறம் அந்த ரெண்டு யார் போட்டதுன்னு நான் யாரையும் கேக்கவேண்டியிருக்கலை.

ஆட்டோல வரப்போ அப்பா சொன்னார், 'பத்து போட்டது நம்ம வர்ஷினியாத்தான் இருக்கும். நம்மாத்துப் படம்னு தெரியாமலே போட்டிருப்பா. அந்த ரெண்டு போட்டவன் எவனோ.' நான் 'இருக்கும்ப்பா'ன்னேன். அடையாறு பாலம் தாண்டற வரைக்கும் எவனோ ஒருத்தனைத் திட்டிண்டே வந்தார்.

அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லலை. உன் அண்ணாகிட்டயும் சொல்லலை.

உடம்பைப் பார்த்துக்கோ. மிளகு ரசம் வெச்சுக் குடி.

காமாக்ஷி

—

ஹைடெல்பெர்க்
19 ஜனவரி 2025

டியர் ஷகீலா,

நீயும் அம்மாவும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன். டிசம்பருக்கு அப்புறம் நீ எனக்கு ஒரு மெசேஜ் கூட அனுப்பலை, எதுவும் கேக்கலை. கேட்டிருந்தா சுலபமா ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

இதை உன் கமிட்டிக்கு அப்படியே காட்டலாம்.

31ஆம் எண் படத்தை அனுப்பினவர் என் அண்ணாவோட மனைவி காமாக்ஷி. அந்தப் படம் அவரோடதுன்னு போட்டிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எனக்கு அனுப்பியிருந்தார். தெரிஞ்சும் மார்க் போட்டேன். அடையாளம் தெரிஞ்சதான்னு கேட்டதுக்கு 'இல்லை'ன்னு எழுதினது பொய். என் மார்க்கையும் கருத்தையும் நீக்கணும். நீக்கினா முடிவு மாறும்னு தெரியும். என் பேரைச் சொல்லியே அறிவிக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. சஃப்வானுக்கு இதனால எந்தக் குறையும் வரக்கூடாதுன்னு மட்டும் கேட்டுக்கறேன்.

மன்னிக்கு நான் இன்னும் பதில் எழுதலை.

வர்ஷினி

—

மயிலாப்பூர்
2 மார்ச் 2025

அன்புள்ள வர்ஷினி,

நலமா? நாங்க இருக்கோம்.

உன் ஃப்ரெண்ட் ஷகீலா ரெண்டு வாரம் முன்னாடி ஆத்துக்கு வந்தா. ஃபோன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நேர்லதான் சொல்லணும்னு திருவல்லிக்கேணிலேர்ந்து வந்திருக்கா. ஹால்ல அப்பா, நான், உன் அண்ணா மூணு பேரும் இருந்தோம். காபியைத் தொடாமயே சொன்னா. கமிட்டி கூடி, உன் மார்க்கை நீக்கி, சஃப்வானுக்கும் எனக்கும் சேர்த்து முதல் பரிசுன்னு முடிவு பண்ணியிருக்கா. காரணத்தோட இணையதளத்துல போட்டிருக்கு. ஜூன்ல பயிற்சிக்கு ரெண்டு பேரும் போகலாமாம்.

அப்பா, 'எவ்வளவு போட்டா?'ன்னார்.

'ரெண்டு சார்.'

'தெரிஞ்சேவா?'

'அவளேதான் எழுதியிருக்கா சார். நாங்க யாரும் கேக்கலை.'

அப்பா எழுந்து உள்ள போயிட்டார். ஷகீலா வாசல்ல செருப்பு மாட்டிண்டே எங்கிட்ட, 'மேடம், அவ மேல எனக்குச் செம கோவம். ஆனா லேபுல எனக்கு ஜுரம் வந்தப்போ ஒரு வாரம் என் மீனுக்கெல்லாம் அவதான் சாப்பாடு போட்டா. ரெண்டும் ஒரே ஆளுதான், இன்னா பண்றது'ன்னா.

அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு உன் ஃபோன் வந்தது, அப்பா எடுக்கலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கிட்ட ஒரே ஒரு தடவை பேசினார். 'நான் என்ன குறை வெச்சேன் அவளுக்கு?'ன்னார். 'அவ லேபுக்குள்ள நீங்க ஒரு நாளும் போகலை'ன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அவர் முகம் மாறிடுத்து. அடுத்த நாள் எங்கிட்ட, ஜெர்மனிக்கு விசா வாங்க எத்தனை நாள் ஆகும்னு கேட்டார். எனக்காகக் கேக்கறார்னு நினைச்சேன். இல்லை, அவருக்காம். அவ மீனைப் பார்க்கணுமாம்.

இப்போ நம்ம விஷயம். பரிசை நான் வாங்கிக்கறேன். உனக்குச் சங்கடமா இருக்கும்னு வேண்டாம்னு சொல்லமாட்டேன். அது எனக்கு வரவேண்டியது. உம்மேல எனக்குக் கோவம் இருக்கு, அங்க ஏர்போர்ட்ல வந்து இறங்கறதுக்குள்ள போயிடும்னும் தோணலை. மைக்ராஸ்கோப் ரூமுக்கு நான் போகாம இருந்த அந்த மூணு வாரத்தை யாராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

ஆனா நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த ஆத்துல எந்தப் பேச்சும் 'எங்க வர்ஷினி'ன்னுதான் ஆரம்பிக்கும். சாம்பார் நன்னா இருக்குன்னா, 'எங்க வர்ஷினிக்கு இந்தச் சாம்பார்னா உசிரு'. போன வருஷம்தான் முதல் தடவையா ஒரு பேச்சு எம்பேர்ல ஆரம்பிச்சது. அதை உனக்கு விழுந்து விழுந்து எழுதினேன். அப்பா பேர் வெச்சதை, போட்டோவை மாத்தி மாட்டினதை, ஷெல்ஃபை நகர்த்தினதை. எது உனக்கு எங்க உறைக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஒண்ணு விடாம எழுதினேன். நீ பண்ணினதும் இதுவும் ஒண்ணுன்னு சொல்லலை. இருக்கறதைச் சொன்னேன்.

இத்தோட ஒரு படம் வெச்சிருக்கேன். புதுசு. சுரப்பி மூடியிருக்கறப்போ எடுத்தது, அந்த இன்னொரு நடுவர் கேட்ட கேள்விக்காக. பார்த்துட்டு பத்துக்கு மார்க் போடு, காரணத்தோட.

காமாக்ஷி

—

ஹைடெல்பெர்க்
9 மார்ச் 2025

அன்புள்ள மன்னி,

நான் இருக்கேன். உங்க எல்லாருக்கும் என் நமஸ்காரம். அப்பா இன்னிக்கு ஃபோனை எடுத்தார். விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டார். எழுதி அனுப்பியிருக்கேன்.

புதுப் படத்துக்கு ஆறு. இடது மூலையில ஃபோகஸ் நழுவியிருக்கு, இலை காய ஆரம்பிச்சப்புறம் எடுத்திருக்கீங்க. சிவப்பை ஒரு படி குறைச்சா சுரப்பியோட விளிம்பு தெளிவாத் தெரியும். மூடினது, திறந்தது ரெண்டையும் ஒரே இலையில எடுத்தாத்தான் ஒப்பிட முடியும், இல்லைன்னா அந்த நடுவர் மறுபடி கேள்வி கேப்பார். ஜூன்ல வரப்போ இதை எங்க மைக்ராஸ்கோப்ல எடுக்கலாம். நேரம் வாங்கி வெக்கறேன். நான் கூட இருக்கணும்னு இல்லை.

பழைய படத்தைப் பத்தி நீங்க நவம்பர்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. அக்டோபர்ல அது என் ஸ்க்ரீன்ல பெரிசா வந்தப்போ வேற எதையும் பார்க்க முடியலை. பக்கத்து டேபிள் பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ, 'இதை எடுத்தது யாரு?'ன்னு கேட்டா. எனக்கு உங்க பேர் வாய்ல வரலை. நானும் பன்னெண்டு வருஷமா படம் எடுத்திண்டிருக்கேன், அப்படி ஒண்ணு எனக்கு அமைஞ்சதில்லை. அது தெரிஞ்சப்புறம்தான் ரெண்டு போட்டேன்.

வர்ஷினி